கூட்ட அறிக்கையில் ஒரு திருத்தம்

பாப்பா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே உன் போன் வந்துவிட்டது. லிந்துலைப் பக்கம் மழை விடவே இல்லை என்றாய், போர்டிங் வீட்டு அக்கா நல்ல மாதிரி என்றாய், பிறகு சும்மா கேட்பதுபோல ஒன்று கேட்டாய். புதுப் பள்ளிக்கூடத்தில் உன் வகுப்புக்கென்று ஒரு பழைய லெப்டொப் கொடுத்திருக்கிறார்களாம், அதில் எந்த சிஸ்டத்தைப் போடுவது என்று யோசிக்கிறாயாம். "நீங்களே சொல்லுங்கப்பா. விண்டோஸையே போட்டுறவா?" என்றாய். கம்பியூட்டர் படித்துப் பட்டம் வாங்கிய டீச்சர், ஒரு டைப்பிங் கடைக்காரனிடம் உத்தரவு கேட்கிறாள். அம்மா கூப்பிடுகிறாள் என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன் அம்மா எதிரில்தான் இருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். அன்று சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். எனக்குச் சுருக்கமாக எழுத வராது என்பது உனக்குத் தெரியும், பொறுமையாக வாசி.

இந்த நோர்வூட் டவுனில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, டைப் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தோட்ட லயத்துக் காம்பிராவில் பிறந்து, ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய் டைப்ரைட்டர் பழகி, பிறகு கம்பியூட்டருக்கு மாறி, எத்தனை ஆயிரம் கடிதம் அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோல் பதிவில் இன்னொரு பெயர் என்று மூன்று பெயரோடு திரிகிற நம் ஆட்களுக்கெல்லாம் ஒரே பெயராக்கிக் கொடுக்கக் கடிதம் எழுதியவன் நான். அந்த மரியாதை எனக்குத் தலைக்கு ஏறித்தான் இருந்தது. ஊரில் எவருக்காவது தமிழ் எழுத்தில் சந்தேகம் வந்தால் என்னிடம் வர வேண்டும், எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டே நரைத்துவிட்டேன்.

இன்னொன்றும் எனக்குள் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது கொழும்பிலிருந்து யாரோ வந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து கொடுத்தார்கள். வரிசையில் நிறுத்தி, பெட்டியை நெஞ்சோடு பிடிக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் இரண்டும் இடது கால். நீ அழவில்லை, ஒரு காலில் மாட்டிக்கொண்டு வாசலில் நொண்டி விளையாடினாய். உன் அம்மாகூடச் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. சும்மா கொடுக்கிற சாமான் என்றால் நமக்கு இவ்வளவுதான், மிச்சம் மீதியைத்தான் தள்ளிவிடுவார்கள் என்று அன்றைக்கு மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு யார் எதைச் சும்மா கொடுத்தாலும் எனக்கு அந்த இரண்டு இடது கால்தான் ஞாபகத்துக்கு வரும்.

அதனால்தான் போன வருடம் நீ வீட்டுக்கு வந்து, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கிற எட்டு லெப்டொப்பிலும் லினக்ஸ் என்று ஒன்றைப் போடப்போகிறேன், அது இலவசம் என்று சொன்னதும் எனக்கு முகம் சுருங்கியது. நீ விளக்கினாய். மெஷின்கள் பழசு, புது விண்டோஸ் அவற்றில் ஏறாது, இருக்கிற பழைய விண்டோஸ் கள்ளக் கோப்பியோ வாரத்துக்கு ஒரு தரம் வைரஸ் பிடித்துப் படுத்துக்கொள்கிறது, பிள்ளைகள் பாடம் படிக்கவே முடியவில்லை என்றாய். முதலில் நம் கடை மெஷினில் போட்டுப் பார்க்கிறேன், உங்களுக்குப் பழகிவிட்டால் ஊருக்கே பழகின மாதிரி என்று என் தலையில் ஐஸ் வைத்தாய். நான் சரி என்றேன். என் கோப்புகளையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்து, சிஸ்டத்தை மாற்றி, திரும்ப உள்ளே போட்டு, எண்ணிக்கையையும் சரிபார்த்துக் காட்டினாய். போகும்போது கடை வாசலில் நின்று, "பழைய கோப்பை மட்டும் இப்ப தொறக்காதீங்கப்பா. பாமினி எழுத்துரு இன்னும் போடல. சனிக்கிழமை வந்து போட்டுத் தர்றேன்" என்றாய். நான் தலையை ஆட்டினேன். காதில் வாங்கவில்லை.

வியாழக்கிழமை ராஜேஸ்வரி வந்தாள். மேல் டிவிஷனில் கொழுந்தெடுக்கிறவள், மகனின் அடையாள அட்டைக்காகப் போன தடவை நான் அடித்துக் கொடுத்த கடிதத்தில் இன்னொரு பிரதி வேண்டும் என்றாள். அதற்காகவே அன்றைக்கு அரைப் பேரோடு, பாதி நாள் கூலியை விட்டுவிட்டு, மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி கோப்பைத் திறந்தேன். தமிழைக் காணவில்லை. பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. அடுத்த கோப்பு, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. ராஜேஸ்வரி எட்டிப் பார்த்து, "என்னாங்க மாஸ்டர், இங்கிலீசுல அடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கடையில், அந்த நாற்காலியில், நான் அப்படி அவமானப்பட்டதே இல்லை. அவளை வெறுங்கையோடு அனுப்பினேன். ஒரு பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். உனக்கு ஒரு போன் எடுத்திருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். எடுக்கவில்லை. கோபத்தைப் பத்திரமாக மறுநாள் வரைக்கும் வைத்திருந்தேன்.

மறுநாள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். பழைய மாணவன் என்ற முறையில் நானும் உண்டு, அறிக்கை எழுதி டைப் அடிப்பதும் நான்தான். நீ எழுந்து எட்டு லெப்டொப்பைப் பற்றி நன்றாகத்தான் பேசினாய். இலவசம் என்ற சொல் உன் வாயிலிருந்து வந்ததும் பின்வரிசையில் ஒருவர், ஏன் டீச்சர் சும்மா குடுக்கிறாங்க, ஓடாத சாமானா என்று கேட்டார். நீ பதில் சொல்ல வாயெடுத்தாய். நான் எழுந்துவிட்டேன். பையிலிருந்த தாளை விரித்து எல்லோருக்கும் காட்டினேன். "டீச்சர் சொல்ற சிஸ்டம் இதுதாங்க. இருபது வருசமா நான் அடிச்ச தமிழு இந்தக் கதிக்கு வந்திருக்கு. நம்ம பிள்ளைங்களுக்குச் சும்மா குடுக்கிறது எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றேன். உன்னை டீச்சர் என்றே சொன்னேன், மகள் என்று சொல்லவில்லை. சபை சிரித்தது. நீ வந்து தாளை வாங்கிப் பார்த்தாய். ஒரு நிமிடம்கூட இருக்காது. என் முகத்தைப் பார்த்தாய், தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தாய். "சரிங்க, இப்ப இது வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்றைய அறிக்கையில் நான் அடித்த வரியை உனக்கு அப்படியே தருகிறேன். 'இது குறித்து வினவப்பட்டபோது ஆசிரியையால் விளக்கம் அளிக்க முடியவில்லை.' அடுத்த கூட்டத்தில் அதை நானே வாசித்தேன். உறுதிப்படுத்தினார்கள், பள்ளி அதிபர் கையெழுத்துப் போட்டார். எட்டு லெப்டொப்பும் நூலக அறை அலுமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. என் மெஷினை ஹட்டனில் கொடுத்துப் பழையபடி விண்டோஸ் போட்டுக்கொண்டு வந்தேன். கோப்புகள் எல்லாம் தமிழில் திறந்தன. பார்த்தாயா, இதுதான் அத்தாட்சி என்று உன் அம்மாவிடம் பெருமையடித்தேன். அந்தத் தவணை முடிவதற்குள் நீ இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தாய். அந்த விண்ணப்பத்தை என் கடையில் அடிக்கவில்லை, கையால் எழுதிக் கொடுத்தாய். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நீ போன பிறகு, மழை பிடித்து ஒருவரும் கடைக்கு வராத ஒரு மத்தியானம். எழுதிப் பார்க்கத் தாள் தேடினேன். அந்தப் பிரின்ட் மேசை லாச்சிக்குள் கிடந்தது, பின்பக்கம் வெற்றாக இருந்தது. எடுத்து மேசையில் போட்டால் குப்பைப் பக்கம் மேலே விழுந்தது. இரண்டாவது சொல்லில் கண் நின்றது. இங்கிலீஷில் பெரிய ஐ, சின்ன ஏ, எச். ஏனென்று தெரியாமல் என் விரல்கள் மேசையில் அந்த மூன்று விசைகளையும் தட்டின. பாமினியில் அந்த இங்கிலீஷ் ஐயை அடித்தால் நம் தமிழ் ஐ வரும்; அந்த விசைப்பலகையில் நியாயமாக அமைந்தது அது ஒன்றுதான். ஏ அடித்தால் ய, எச் அடித்தால் துணைக்கால். ஐயா. அதற்கு முன்னால் எஃப், டி, கே, அரைப்புள்ளி. கனம். கனம் ஐயா. பக்கம் முழுக்க விரலால் தட்டித் தட்டியே வாசித்தேன். ராஜேஸ்வரியின் கடிதம், ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. கீழே ஓரிடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அம்மா. எதுவும் அழியவில்லை. அந்தப் பழைய எழுத்துரு உள்ளே இங்கிலீஷ் எழுத்தாகத்தான் கிடக்கும், மேலே தமிழ் உடுப்பை மாட்டிக் காட்டும், அவ்வளவுதான். உடுப்பை இன்னும் மாட்டவில்லை என்றுதான் நீ வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாய். இருபது வருடம் இதே விசைகளைத் தட்டியவனுக்குத் தான் தட்டியதை அடையாளம் தெரியவில்லை.

அன்று கடையை நேரத்தோடு சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "இது அவ அன்னைக்கே எங்கிட்டச் சொன்னதுதாங்க" என்றாள். தெரிந்திருந்தால் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அவள்மேல் பாய்ந்தேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். "சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டா. அத்தன பேரு முன்னுக்கு எந்திரிச்சு, டைப் மாஸ்டருக்கு டைப்பு தெரியலன்னு எப்படிம்மா சொல்றதுன்னு அழுதா. நீங்க சிரிச்சிக்கிட்டு வீட்டுக்கு வந்தீங்க" என்றாள். உன்னிடம் இருந்தது ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் எட்டு லெப்டொப்பும் பிள்ளைகளுக்குப் போயிருக்கும், நீயும் இங்கேயே இருந்திருப்பாய். என் மானத்துக்காக அதை விழுங்கிக்கொண்டு சபையில் தெரியாதவளாக நின்றாய். நானோ அதையும் அறிக்கையில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இது தெரிந்த பிறகும் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது என்று சொல்லலாம், உண்மையில் பயந்தேன். கடை வாசலில் என்ன பேசுவார்கள் என்ற பயம்தான்.

அந்த இரண்டு மாதத்தில் ஒரு வேலை மட்டும் செய்தேன். நீ விட்டுப்போன பென் ட்ரைவைத் தேடியெடுத்தேன். மெஷினில் எதையும் அழிக்காமல், பென் ட்ரைவிலிருந்தே அந்த சிஸ்டத்தை ஓட்டிப் பார்க்கலாம் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு வாரம் அப்படியே ஓட்டிப் பார்த்தேன். பிரின்டர் முதல் நாள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, மூன்றாம் நாள் தானாகவே ராசியாகிவிட்டது. பாமினியை அதற்குரிய இடத்தில் போட்டேன், கோப்புகள் எல்லாம் தமிழாக எழுந்து நின்றன. பிறகுதான் துணிந்து மெஷினுக்குள் ஏற்றினேன். புது முறையில் தமிழ் அடிக்கவும் பழகுகிறேன், இந்தக் கடிதம் அதில் அடித்ததுதான். விரல் இன்னும் பழைய இடத்துக்கே போகிறது, பிழை இருந்தால் திருத்திக்கொள். குறையும் உண்டு. அரசாங்கக் கச்சேரியிலிருந்து வருகிற சில படிவங்கள் கோடு கலைந்து திறக்கின்றன, அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. உன் புதுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளி பதிகிற மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவதாக இருந்தால், இடமிருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள். அங்கே யாராவது பாமினியில் கோப்பு வைத்திருந்தால் முதல் நாளே எழுத்துருவைப் போட்டுவிடு. சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கிற மனிதர்கள் குறைவு.

சும்மா என்ற சொல்லைப் பற்றியும் யோசித்தேன். நான் இத்தனை வருடம் வைத்திருந்த விண்டோஸுக்கு ஒரு சதம் கொடுத்ததில்லை, அது ஹட்டனில் ஒருவர் போட்டுத் தந்த கள்ளக் கோப்பி. கள்ளமாக எடுத்ததை மரியாதை என்றும், மனதாரக் கொடுத்ததைப் பிச்சை என்றும் நினைத்திருக்கிறேன். சப்பாத்து கொடுத்தவர்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நம்மைப் பார்க்க விடவில்லை, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இதைச் செய்தவர்கள் பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். பார்க்கலாம், பிழையிருந்தால் திருத்தலாம், அடுத்த வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். நீ அன்று சபையில் இதைத்தான் சொல்ல வந்திருப்பாய். நான் சொல்ல விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை கூட்டம் இருந்தது. சென்ற கூட்ட அறிக்கையை வாசித்து முடித்ததும், போன வருடத்து அறிக்கை ஒன்றில் திருத்தம் இருக்கிறது என்றேன். அது முடிந்த கதைதானே மாஸ்டர், இப்போது எதற்கு என்றார் அதிபர். எனக்கு முடியவில்லை சேர் என்றேன். அந்தத் தாளில் இருந்தது நல்ல தமிழ்தான், டீச்சரின் சிஸ்டத்தில் பிழை இல்லை, எழுத்துரு இல்லாமல் திறந்தது நான், என் எழுத்தை எனக்கே வாசிக்கத் தெரியவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். எப்படி வாசிப்பது என்று கரும்பலகையில் எழுதியும் காட்டினேன். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், சிரிக்கட்டும் என்று விட்டேன். அப்போது பெற்றோர் வரிசையிலிருந்து ராஜேஸ்வரி எழுந்தாள். "அப்ப இது டீச்சருக்குத் தெரியாதுங்களா மாஸ்டர்?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஏன் சொல்லல?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு விளங்கிவிட்டது, அவளுக்குத்தான் விளங்கவில்லை. "நான் அவ அப்பன். அதனால சொல்லல" என்றேன். ராஜேஸ்வரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய வரியை நீக்க அதிபர் ஒப்புக்கொண்டார். அலுமாரியைத் திறந்து ஒரு லெப்டொப்பை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார், மிச்ச ஏழு லெப்டொப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீ இல்லாத இடத்தில் அதை யார் செய்யப்போகிறார்கள் என்றும் தெரியவில்லை. நான் கெடுத்ததை முழுதாகச் சரிசெய்ய என்னால் முடியாது, பாப்பா. நீ என்னை மன்னிக்க வேண்டும்.

எதைப் போடட்டும் என்று கேட்டாய். அந்த லெப்டொப்பும் அந்தப் பிள்ளைகளும் உன் பொறுப்பு, என்னிடம் கேட்காதே. உனக்குச் சரியென்று படுவதைப் போடு. யாராவது எழுந்து ஒரு தாளைத் தூக்கிக் காட்டினால் வாயை மூடிக்கொண்டு உட்காராதே, பதில் சொல். அந்த ஆள் நானாக இருந்தாலும் சொல்.